மகளின் கார்டை வாங்கக் கொல்லிமலைக்குப் போனேன்

பயணக் கட்டுரை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஊர் சுற்றியவன் இல்லை. ஒரு பக்கத்துக்கு மேல் கடைசியாக எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில். அதிலும் கட்டுரைக் கேள்வியைப் பாதியில் விட்டேன். மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் செம்புக் கம்பியோடு இருப்பதால் பேச்சும் எனக்குக் குறைவு. மூன்று நாள் கண்ணில் பட்டதை எழுதுகிறேன். தப்பாக ஏதாவது இருந்தால் மலைக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன காரணம் சுற்றிப் பார்ப்பது இல்லை. என் மகள் அபிநயா கொல்லிமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். வயது இருபத்துநாலு. சேர்ந்து பதினாலு மாதம் ஆகிறது. அவள் சம்பளம் விழும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு என்னிடம் இருந்தது. அவள் காலேஜ் படிக்கும்போது நான்தான் அந்தக் கணக்கைத் திறந்தேன். அதில் என் போன் நம்பர்தான் கொடுத்திருக்கிறது. சம்பளத்தில் ஒரு ரூபாயைக் கூட எனக்காக எடுத்ததில்லை. தங்கமாக வாங்கி வைத்திருக்கிறோம். எல்லாம் அவளுக்குத்தான். எங்கள் தெருவில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

அந்தக் கார்டு காலாவதி ஆகிவிட்டது. வேலையில் சேர்ந்தபோது வங்கியில் விலாசத்தை மாற்றியிருந்ததால், புதுக் கார்டு அவள் வேலை செய்யும் இடத்துக்கே போய்விட்டது. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பச் சொன்னேன். சரிப்பா என்றாள். மூன்று வாரமாக வரவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் சரிப்பா என்றாள்.

"தர மாட்டேன்னு சொல்லத் தெரியாம சரிங்கறா. நேர்ல போய் வாங்கிட்டு வாங்க" என்றாள் என் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. தை மாதக் கடைசியில் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மலை ஏறும் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவு. மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கம் வளைவு என்றால் வாய்க்கால் மதகடியில் திரும்புவதுதான். இருபதாவது வளைவிலேயே எனக்கு வயிறு மேலே வந்துவிட்டது. கண்டக்டரை நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், அடிவாரத்து ஊர்க்காரர், மலையில் கட்டட வேலைக்குப் போகிறவர், இடுப்பு முடிச்சிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"மோந்துக்கிட்டே வாங்க. வாந்தி வந்தாலும் சன்னலுக்கு வெளியில பாத்து எடுத்துருங்க. என்ற சேல புதுசு."

எங்களுக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் பதினெட்டு வயது மதிக்கத்தக்க மகனும் இருந்தார்கள். முக ஜாடையில் தெரிந்தது. கண்டக்டர் வந்தபோது அப்பா தனக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். மகன் தனக்கு ஒரு டிக்கெட் எடுத்தான். பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் போல என்று நினைத்தேன். அடுத்த வளைவில் இருவரும் ஒரே பொட்டலத்தில் கடலை தின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சண்டையெல்லாம் இல்லீங்க. பையன் கீழ செங்கச் சூளைக்குப் போயிட்டு வாரான். கையில காசு இருக்குது, எடுக்கறான். அதுக்கு எதுக்குங்க அப்பனப் பாத்துக்கிட்டு நிக்கோணும்?"

நான் பழத்தை மோந்துகொண்டேன்.

மலை மேல் பெரிய ஊரான செம்மேட்டில் இறங்க வேண்டியது. நடுவில் நின்றவர்களை விலக்கி வழி கேட்பதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்தேன். அபிநயா எதிரே வந்தாள். சாயம் போன சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"குரல் குடுத்திருக்கலாமேப்பா" என்றாள்.

"பரவாயில்லம்மா, நடந்தா வயித்துக்கு நல்லது."

அந்த ஸ்வெட்டரை நான் பார்த்ததில்லை. கார்த்திகையில் அவள் போனில், குளிருது, ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கட்டுமா என்று கேட்டிருந்தாள். பொங்கலுக்கு வரும்போது இங்கே விலை குறைவாக எடுத்துக்கொள்ளலாம் என்றேன். பொங்கலுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"இது யாருதும்மா?"

"கோகிலாவுது. அது ரெண்டு வச்சிருக்கு."

கோகிலா, அவள் குடியிருக்கும் வீட்டுக்காரர் வெள்ளையனின் மகள். அந்தப் பெயர் எனக்குத் தெரியும். அபிநயாவிடம் கார்டு இல்லாததால், மாதச் செலவுப் பணத்தை என் போனிலிருந்து கோகிலாவின் கணக்குக்கு அனுப்புவேன். கோகிலா எடுத்துக் கொடுக்கும். வீட்டுக்காரர் மனைவியாகவோ தங்கையாகவோ இருக்கும், நாற்பது வயது இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து என் பையை வாங்கியது பத்தொன்பது வயதுப் பெண். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு வேலையும் தோட்ட வேலையும் பார்க்கிறது.

"அக்காவோட அப்பாங்களா? மாசம் பொறந்தா உங்க பேருதான் எம் போனுல மொதல்ல வருதுங்க" என்றது.

அரியூர் நாட்டில் அவர்கள் வீடு. நாடு என்றால் பெரிய தேசம் இல்லை, சில ஊர்கள் சேர்ந்தது. பள்ளத்தில் நெல் வயல், மேட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, அதற்கும் மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. வயலைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நேரானது. ஆனால் எங்கள் வயல் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே தட்டாகக் கிடக்கும். இது படி படியாக, ஒவ்வொன்றும் நாலு கட்டில் அகலம்தான். டிராக்டர் எப்படித் திரும்பும் என்று வெள்ளையனிடம் கேட்டேன். "நாங்கதானுங்க திரும்போணும்" என்றார்.

சாப்பாட்டுக்குச் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். சோறு உதிரி உதிரியாக இருந்தது. குழம்பை ஊற்றியதும் காணாமல் போனது. எங்கள் ஊரில் குழம்பு சோற்றில் தேங்கி நிற்கும். சோற்றுக்கு மூன்று முறை குழம்பு தேவைப்பட்டது. இரண்டு முறை கேட்டதோடு கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டேன். வெள்ளையனின் மனைவி கேட்காமலே ஊற்றினார்.

கார்டைப் பற்றி அன்று நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. வந்ததும் வராததுமாக அதைக் கேட்டால், அதற்குத்தான் வந்தேன் என்று ஆகிவிடும். அதற்குத்தான் வந்திருந்தேன்.

இரண்டாம் நாள் அபிநயா வேலைக்குப் போனாள். நான் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பஸ் ஏறினேன். சாமி கும்பிட்டேன். கோயிலுக்குக் கீழே இருக்கும் அருவிக்கு இறங்க ஆயிரத்துச் சொச்சம் படி என்றார்கள். முழங்காலைக் கேட்டேன், வேண்டாம் என்றது. மேலேயே ஒரு கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தேன். ஆட்டுக்கால் இல்லை, பாறையில் முளைக்கும் ஒரு கிழங்கு. கிழங்கைப் பார்த்தால் ரோமம் உள்ள ஆட்டுக்கால் போலவே இருக்கிறது. சுவையும் கிட்டத்தட்ட அதுதான். சைவச் சாப்பாட்டுக்காரர் ஒருவர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் பாவம் ஒன்றும் இல்லையே என்று கடைக்காரரிடம் உறுதி கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது வாசலில் இரண்டு படுதாக்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னதில் மணி திரட்சியாக இருந்தது. வீட்டுக்கு ஒரு கிலோ வாங்கிப் போகலாம் என்று தோன்றியது. கேட்பதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளையன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோகிலா தராசு எடுத்து வந்து நிறுத்துப் பையில் போட்டது. விலை சொன்னது. நான் பணத்தை எடுத்து வெள்ளையனிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். குறைத்துக் கொடுத்துவிட்டேனோ என்று இன்னொரு நோட்டை எடுத்தேன்.

கோகிலா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டது. "ஏனுங்கப்பா, மொளகு என்னுது, காசு அவருக்குங்களா?"

"அது அவ கொடிங்க" என்றார் வெள்ளையன். "காது குத்துனப்போ தாய்மாமன் நட்டுக் குடுத்தது. நாலு மரம். பெரிய படுதாதான் என்னுது. எல்லா ஊட்டுலயும் இப்படின்னு சொல்ல மாட்டனுங்க. எங்க ஊட்டுல இப்படி."

"பறிக்கிறதும் பாப்பாதானா? ஏணி அவ்வளவு உயரமா இருக்கு" என்றேன், சுவரில் சாய்த்திருந்த ஏணியைப் பார்த்து.

"நான்தான் ஏறுனனுங்க. கூலிக்கு."

"கூலிக்கா?"

"ஊருல குடுக்கற கூலியவிட அம்பது ரூவா கம்மி பண்ணிட்டாங்க மொதலாளியம்மா. பெத்த அப்பன்னா இளப்பம்."

"நடுவால ரெண்டு தடவ பீடி குடிக்க எறங்குனது யாருங்க?" என்றது கோகிலா. "மத்தவங்க எறங்குனா சும்மா வுடுவீங்களா?"

வெள்ளையன் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா" என்பது போலத் தலையை ஆட்டினார். பணத்தைக் கோகிலாவிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, அக்காவோட அப்பா என்பதற்காக ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தது.

அது உள்ளே போனபிறகு வெள்ளையன் குரலைத் தாழ்த்தினார். "இதுல நல்லதும் இருக்குது, கெட்டதும் இருக்குதுங்க. போன வருசத்து மொளகுக் காசுல பெரிய போனு ஒண்ணு வாங்குச்சு. மூணே மாசத்துல கெணத்துல போட்டுருச்சு. நான் ஒண்ணும் சொல்ல முடியலீங்க. அவ கொடி. உங்க புள்ளைக்கு இந்நேரம் நகை சேந்திருக்குமில்லீங்க?"

சேர்ந்திருக்கிறது என்றேன்.

"அதுதானுங்க" என்றார். பொறாமையாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில் காயில் கட்டும் வேலைக்குப் போனேன். சனிக்கிழமை கூலியைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுப்பேன். அதிலிருந்து டீக்கும் சைக்கிள் காற்றுக்கும் அவர் தருவார். ஒரு நாளும் எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. சட்டைத் துணியைக் கூட அவர்தான் எடுப்பார். எனக்கு முப்பத்திரண்டு வயதாகும்போது அவர் இறந்தார். அந்த வாரக் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். "என்கிட்ட எதுக்குடா?" என்றார். அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்போது எனக்கு ஒரு குழந்தை இருந்தது. அபிநயாதான்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியான பஸ்ஸுக்கு நான் கிளம்ப வேண்டும். பையைக் கட்டிவிட்டு, இனிமேல் கேட்காமல் முடியாது என்று தொண்டையைச் சரிசெய்தேன். அதற்குள் அபிநயா அலமாரியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்கப்பா."

வங்கிக் கவர். ஒட்டு பிரியாமல் இருந்தது. ஓரம் கூடக் கசங்கவில்லை. சண்டை வரும், அழுகை வரும், என்ன பதில் சொல்வது என்று மன்னார்குடியிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். எதுவும் தேவைப்படவில்லை.

"ஏம்மா பிரிக்கல?"

"நீங்க வந்து பிரிப்பீங்கன்னு."

வாசற்படியில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கோகிலா தலையைத் தூக்காமல் சொன்னது: "தெனமும் கேப்பனுங்க, பிரிச்சியாக்கா, பிரிச்சியாக்கான்னு. கவருக்குள்ளார பாம்பு இருக்கற மாதிரி பாக்கும். மறுபடி துணிக்கடியில வெச்சுரும்."

"நீ சும்மா இருடி" என்றாள் அபிநயா.

"அப்ப ஏன் தபால்ல போடல?" என்றேன்.

அலமாரிக் கதவைச் சாத்தினாள். "கேக்கணும்னு நெனச்சேன். நானே வச்சுக்கட்டுமான்னு. எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. கேக்காம வச்சுக்கவும் முடியல."

"செலவுக்கு அனுப்பறது பத்தலையாம்மா?"

"பத்துதுப்பா. உங்ககிட்ட கேக்கறதும் கஷ்டமா இல்ல. கோகிலாகிட்ட ஸ்வெட்டர் கேக்கறதுதான் கஷ்டமா இருந்துச்சு."

கோகிலா கிழங்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. கவர் என் கையில் இருந்தது. பைக்குள் வைத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது. இந்தக் கவரை மூன்று வாரம் பிரிக்காமல் வைத்திருக்க அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூலியைப் பிரிக்காமல் அப்பாவிடம் கொடுக்க எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. செம்மேடு வரைக்கும் வா" என்றேன்.

செம்மேட்டில் ஏ.டி.எம். ஒரு சின்ன அறை. முன்னால் நாலு பேர் நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் கவரை அவளிடம் கொடுத்தேன். பிரித்தாள். புதுக் கார்டுக்கு ரகசிய எண் போட வேண்டும் என்றால், முதலில் கணக்கில் கொடுத்திருக்கும் போனுக்கு ஓர் எண் வரும். அது என் போன். அந்த அறைக்குள் என் போனுக்குச் சிக்னல் இல்லை. வெளியே வந்தேன், இல்லை. ரோட்டைத் தாண்டி எதிர் டீக்கடைக்குப் போனபிறகு எண் வந்தது. எழுதிக்கொண்டு ஓடி வருவதற்குள் ஒரு லாரி குறுக்கே நின்றது. நான் உள்ளே போனபோது மெஷின் கார்டை வெளியே தள்ளியிருந்தது.

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "மறுபடி போடும்மா. நான் அங்கேயே நிக்கறேன்" என்று டீக்கடைக்குப் போனேன். அவள் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எண் வந்தது.

பொது இடத்தில் நான் சத்தம் போட்டுப் பேசியவன் இல்லை. கடையில் கூட வாடிக்கையாளர் போகும்போது கூப்பிட மாட்டேன். அவர் மறந்து வைத்த குடையை மறுநாள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்று செம்மேடு கடைத்தெருவில், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஒவ்வொரு எண்ணாகக் கத்தினேன். ஆறு எண். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "ஏனுங்க, ஏலத்துல வாழத்தார் எடுக்கறீங்களா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அபிநயா உள்ளே போய்விட்டாள்.

நான் ரோட்டைக் கடந்து வந்தேன். அவள் தலையை மட்டும் நீட்டினாள்.

"அடுத்து நாலு நம்பர் கேக்குதுப்பா. நான் எது போடட்டும்?"

"நீயே போடு. என்கிட்ட சொல்லாத."

"மறந்துட்டா?"

"மறக்காததாப் போடு."

கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். நாலு எண் போட அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. வரிசையில் ஒருவர், "உள்ள என்னங்க, சமையலா?" என்று கேட்டார். புதுசுங்க என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தாள். கையில் பணம் இருந்தது. பழக்கத்தில் என் பக்கம் நீட்டினாள். நானும் பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். பிறகு அந்தக் கையால் பையைத் தோளில் சரிசெய்துகொண்டேன். அவள் நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் பர்சில் வைத்தாள். எதிர்ப் பக்கம் துணிக்கடை இருந்தது. ஊதா நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் எடுத்தாள். விலை அதிகம், மன்னார்குடியில் நூறு ரூபாய் குறைவாக இருக்கும். நான் கடைக்கு வெளியே நின்றேன்.

பஸ் வந்தது. அவள் ஓடிப்போய் ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"அம்மா கேட்டா என்னப்பா சொல்வீங்க?"

"ஊருக்குப் போய் யோசிக்கறேன்" என்றேன்.

இறங்கும்போதும் எழுபது வளைவுதான். வயிறு இந்த முறை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் மனைவி கேட்டாள். குடுத்துட்டு வந்துட்டேன் என்றேன். அன்று அவள் என்னோடு அதற்கு மேல் பேசவில்லை. மிளகை மட்டும் மோந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று டப்பாவில் போட்டாள்.

மறுநாள் காலை கடையைத் திறந்தேன். ஒரு மூன்று குதிரைச் சக்தி மோட்டார் வந்திருந்தது. பதினொரு மணிக்கு அபிநயா போன் செய்து, குக்கர் வாங்கப் பணம் எடுக்கட்டுமா என்று கேட்டாள். எடு என்றேன். ரெண்டு லிட்டரா, மூணு லிட்டரா என்று கேட்டாள். உனக்கு எது வேணுமோ அது என்றேன். சரிப்பா என்றாள். ஒன்றேகால் மணிக்குப் பணம் எடுத்த செய்தி என் போனுக்கு வந்தது.